தோட்டத்து மண்

அஸ்தினாபுரத்து வாடகை வீட்டின் பின்பக்கம் ஜெயக்கொடி முதன்முதலாக மம்பட்டி போட்ட அன்று மண் வரவில்லை. ஒரு டைல்ஸ் துண்டு வந்தது. அடுத்த வெட்டில் கைப்பிடி போன பிளாஸ்டிக் வாளி. மூன்றாவது வெட்டு ணங்கென்று எதன்மீதோ மோதி மணிக்கட்டு வரை அதிர்ந்தது. கையால் தோண்டிப் பார்த்தால், பாதி உடைந்த வாஷ்பேசின். தாராபுரம் பக்கத்துச் செம்மண்ணில் பிறந்து ஐம்பத்திரண்டு வயது வரை அதிலேயே கால் வைத்து நடந்தவள், மம்பட்டியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே குந்திவிட்டாள். பூமியைத் தோண்டினால் உள்ளே பூமிதான் இருக்கும் என்பதில் அவளுக்கு அதுவரை சந்தேகம் வந்ததே இல்லை.

மாடியிலிருந்து வீட்டுக்காரம்மா கங்கையம்மாள் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா தோண்டிகினு கீற? அது பூரா ரப்பிஷ்மா. மழ பேஞ்சா தண்ணி நிக்குதுன்னு, இட்ச்ச வூட்டுக் குப்பைய லாரி லாரியா கொட்டி மேடு பண்ணோம். அதுக்கு முன்ன இது எங்க கழனி. நெல்லு வெளஞ்ச எடம்."

சொல்லும்போது குரலில் பெருமை வேறு. நெல் விளைந்த மண்ணின் மேல் வாஷ்பேசினைப் போட்டு மூடிவிட்டு ஒரு மனுஷி இவ்வளவு சாவகாசமாகப் பேச முடியுமா என்று ஜெயக்கொடி அண்ணாந்து பார்த்தாள்.

பன்னிரண்டுக்கு இருபது அடி உள்ள அந்தப் பின்பக்கத்துக்காகத்தான் அவள் அந்த வீட்டையே பிடித்தாள். தபால் அலுவலகத்தில் இருபத்தேழு வருஷ சர்வீஸ். பதவி உயர்வு வந்தது, கூடவே தாம்பரம் பக்கம் மாற்றலும் வந்தது. ஓய்வுக்கு இன்னும் எட்டு வருஷம். அவள் கணவர் சென்னியப்பன், "போயிட்டு வா" என்றார், ஏதோ சந்தைக்கு அனுப்புகிற மாதிரி. தான் வருவதாகச் சொல்லவில்லை. ஊரில் அவருக்கு ஏழு ஏக்கர் தோட்டம், கிணறு, நான்கு மாடு. பிள்ளை குட்டி இல்லாத வீடு அது. இருந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில் ஆளுக்கொரு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள்.

தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, பால் கறந்து முடித்ததும், அவர் போன் பண்ணுவார்.

"அங்க மண்ணு இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அதுல எதாச்சும் மொளைக்குதா?"

"நீங்க வந்து பாருங்க."

"மொளைக்கட்டும், வர்றேன்."

பேச்சு இதற்குமேல் நகராது. மண் இல்லாத ஊரில் தனக்கு என்ன வேலை என்பது அவர் கட்சி. எட்டு வருஷம் இப்படியே ஓடிவிட்டால் சேர்ந்து இருக்கிற பழக்கமே விட்டுப்போகும் என்பது அவள் பயம். ஆகவே அந்த இருபதடியில் எதையாவது முளைக்க வைத்தாக வேண்டும். ஊரிலிருந்து முந்தானையில் முடிந்துவந்த விதையெல்லாம் அந்த ரப்பிஷில் முளைத்து, இரண்டு இலை விட்டு, மஞ்சளாகி, ஒரே வாரத்தில் செத்தது. இரண்டாம் தடவை போட்டது முளைக்கவே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு ரோஸி வந்தாள். பள்ளிக்கூடச் சமையல் கூடத்தில் வேலை பார்க்கிறவள். மீன் குழம்பு ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து நீட்டியவள், பின்பக்கத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுல இன்னாக்கா வரும்? எங்க வூட்டுக்காரர் தோட்டத்துலதான் வேலை செய்றாரு. முப்பது வருசமா. அங்க மண்ணு சும்மா அல்வா மாதிரி கீது. எட்த்தாரச் சொல்றேன் இரு."

ஜெயக்கொடிக்குக் காதில் தேன் பாய்ந்தது. இந்த ஊரில் தோட்டம் உள்ள ஒருத்தர்! அவள் ஊரில் தோட்டம் என்றால் நிலம், கிணறு, மாடு, குடியிருக்கிற வீடு, எல்லாம் சேர்ந்த ஒரே சொல். இரண்டு மாதமாக அந்தச் சொல்லைக் கேட்காமல் ஏங்கிக் கிடந்தவள் பொங்கிவிட்டாள்.

"எங்க ஊட்டுக்காரரும் தோட்டத்துலதானுங்க! நாந்தான் தனியா வந்துட்டனுங்க."

ரோஸியின் சிரிப்பு நின்றது. நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"எத்தினி வருசமாச்சுக்கா?"

"கல்யாணமாகி நாலு மாசத்துல இருந்துங்க. அதுக்கு முன்னால மில்லுக்குப் போயிட்டு இருந்தாரு."

"நாலு மாசத்துலயேவா!" ரோஸி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

விவசாயம் பார்க்கிறவனைக் கட்டிக்கொண்டதற்கு இந்த ஊரில் இப்படியா பரிதாபப்படுவார்கள் என்று ஜெயக்கொடிக்கு ஆச்சரியம். சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. "பழகிப்போச்சுங்க. நல்ல எடமுங்க அது. தென்னமர நெழல்ல குளுகுளுன்னு இருக்கும். அவருக்கு அங்கதான் நிம்மதி."

"நீ தங்கம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள் ரோஸி.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவள் புருஷன் சவுரிமுத்து மொபெட்டில் இரண்டு மூட்டை மண்ணோடு வந்து இறங்கினார். கறுத்த, லேசான, ஈரமணம் வீசுகிற மண். ஜெயக்கொடி கையை உள்ளே விட்டாள்; முழங்கை வரை வழுக்கிக்கொண்டு போனது. அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் வந்தது. வாஷ்பேசின், டைல்ஸ், வாளி எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டு, முழங்கால் ஆழத்துக்கு அவள் பாத்தியை நிரப்பினாள். சவுரிமுத்து அதிகம் பேசுகிறவர் இல்லை. ஒருநாள் மட்டும் மூட்டையை இறக்கிவிட்டுச் சலித்துக்கொண்டார்.

"எத்தினி பேரு அங்க படுத்துகினு கீறாங்க தெரியுமாக்கா? வேலை செய்றது நான் ஒரு ஆளுதான்."

"எங்கூர்லயும் அதே கதைதானுங்க அண்ணா" என்றாள் ஜெயக்கொடி மனசார. "எவனும் குனிஞ்சு வேலை செய்யறதில்லீங்க."

சவுரிமுத்து அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பிறகு நடந்ததை அவளே நம்பவில்லை. பீர்க்கை விதை மூன்றாம் நாள் மண்ணைப் பிளந்தது. இரண்டு வாரத்தில் கொடி சுவரைத் தொட்டது, மாதத்தில் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கங்கையம்மாளின் துணி காயும் கயிற்றில் பூ விட்டது. வெண்டை ஆள் உயரம். ஏழு ஏக்கரில் எரு கொட்டிப் பார்த்தவளுக்குத் தெரியும், இந்த வேகம் சாதாரண வேகம் இல்லை. கையளவு இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மலைத்து நின்றாள்.

முதல் காய்ப்பில் ஆறு பீர்க்கங்காயைப் பொறுக்கி, ஈரத்துணி சுற்றி, அட்டைப்பெட்டியில் வைத்து, சென்னியப்பனுக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்பினாள். காய், பழம் அனுப்ப வருகிறவர்களை "அழுகிப்போகுமுங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவள்தான் அவள். அன்றைக்குத் தன் கையாலேயே முத்திரை குத்தினாள்.

இரண்டு நாள் கழித்து, ஆறு மணிக்கு, போன்.

"கடைஞ்சு தின்னேன் புள்ள. இனிக்குது."

"சொன்னனல்லங்க."

"என்ன மண்ணு?"

"தோட்டத்து மண்ணுங்க. இங்க ஒருத்தரு கொண்டாந்து தர்றாரு."

அந்தப் பக்கம் மாட்டின் கழுத்துமணி கேட்டது. பிறகு, "வர்றேன். இங்க கொஞ்சம் வேலை கெடக்குது, முடிச்சுப்போட்டு ஐப்பசில வர்றேன்" என்றார். ஜெயக்கொடி போனை வைத்துவிட்டு நேரே பின்பக்கம் போய்ப் பீர்க்கங்கொடியைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ஐப்பசியும் வந்தது. நவம்பர் முதல் தேதி ரோஸி வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"நாளைக்கு நாங்கல்லாம் தோட்டத்துக்குப் போறோம்க்கா. வருசத்துக்கு ஒருநாள். நீயும் வா. உங்க வூட்டுக்காரர் பேரும் எழுதிக் குட்த்துட்டேன், ஃபாதர் படிப்பாரு."

அவர் வந்து சேர மூன்று நாள்தான் இருந்தது. நல்லபடியாக வந்து இறங்கட்டும் என்று கோயிலில் வேண்டிக்கொள்கிறாள் போலிருக்கிறது, எவ்வளவு நல்ல மனசு என்று ஜெயக்கொடி நினைத்தாள். அறுவடைப் பண்டிகை மாதிரி ஏதோ ஒன்று, அதைத் தோட்டத்தில் வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்றும் தானாகவே முடிவு பண்ணிக்கொண்டாள். மறுநாள் கிளிப்பச்சைப் பட்டுப்புடவை கட்டி, ஒரு தூக்கு நிறையப் புளிசாதமும் பை நிறைய வெண்டைக்காயும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரோஸி வெள்ளைப் புடவையில் மெழுகுவர்த்திக் கட்டோடு நின்றிருந்தாள். ஜெயக்கொடியின் தூக்கையும் பட்டையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வந்த ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

ஆட்டோ ரயில் பாதையைத் தாண்டிப் போய் ஒரு பெரிய இரும்புக் கேட்டின் முன் நின்றது. இருபத்தேழு வருஷமாக முகவரி படிக்கிற கண் அவளுக்கு; எழுத்தைக் கண்டால் தானாகவே படித்துவிடும். கேட்டின் மேல் வளைவில் இரண்டு சொல். இரண்டாவது சொல் தோட்டம். முதல் சொல் கல்லறை. படிக்கத் தெரியாதவள் மாதிரி அதை மறுபடி மறுபடி படித்தாள்.

உள்ளே வரிசை வரிசையாகச் சிலுவை. வெள்ளையடித்த மேடைகள், அவற்றின் மேல் செவ்வந்தியும் சம்பங்கியும், ஆயிரம் மெழுகுவர்த்தி. ஜனங்கள் கும்பல் கும்பலாகத் தங்கள் தங்கள் மேடையைச் சுற்றி நின்று முணுமுணுத்தார்கள். சலவைச் சட்டை போட்ட சவுரிமுத்து கல்யாண வீட்டுக்காரர் மாதிரி முகமெல்லாம் மலர எதிரே வந்தார்.

"வாக்கா! இதான் நம்ம தோட்டம்."

"அண்ணா, அந்த மண்ணு..." என்று மட்டும்தான் ஜெயக்கொடி வாயில் வந்தது.

"அதோ, அந்த மூலைலதான் எட்ப்பேன்."

கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. பீர்க்கங்காய்க் கடைசல், வெண்டைக்காய்ப் பொரியல், கத்திரிக்காய்க் குழம்பு. இரண்டு மாதத்துச் சாப்பாடு மொத்தமும் நெஞ்சுக்குழியில் வந்து நின்றது. அதில் ஆறு காய் ஸ்பீடு போஸ்டில் போயிருக்கிறது. இனிக்குது என்றார் மனுஷன்.

அவள் தள்ளாடுவதைப் பார்த்து, பாவம், துக்கம் தாங்கவில்லை என்று ரோஸி தோளை அணைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கியில் பாதிரியார் இறந்தவர்களின் பெயர்களைப் படித்துக்கொண்டிருந்தார். "அந்தோணியம்மாள். ஆரோக்கியசாமி. லூர்துமேரி." அப்புறம் சற்றுத் தடுமாறி, "செ... சென்னியப்பன்."

ஜெயக்கொடிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரியாக அந்த நேரத்தில், மணி ஆறு, பையில் வெண்டைக்காய்களுக்கு நடுவே போன் அடித்தது. எடுத்துப் பார்த்தாள்.

"யாருக்கா?" என்றாள் ரோஸி.

"அவருதானுங்க."

"எவரு?"

"எங்க ஊட்டுக்காரரு."

ரோஸி "ஏசுவே!" என்று அலறியதில் நாலு குடும்பம் ஜெபத்தை நிறுத்தித் திரும்பிப் பார்த்தது. கையிலிருந்த மெழுகுவர்த்தி விழுந்து அவள் செருப்பில் உருகியது. போனில் சென்னியப்பன், "என்ன சத்தம் அங்க? நாளான்னைக்குக் காத்தால அங்க இருப்பேன். கிளாம்பாக்கத்துல எறங்கி ஆட்டோ புடிச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

"தோட்டத்துல கீறாருன்னு சொன்னியேக்கா!" ரோஸிக்கு மூச்சு வாங்கியது. "எங்க வூட்ல தோட்டம்னா இதானே! கல்யாணமாகி நாலு மாசத்துல போய்ச் சேந்துட்டாருன்னு நான் எத்தினி நாளு அழுதுகினு கீறேன். பொட்டு வெச்சிகினு கீறியேன்னு யோசிச்சேன், ஆபீசு போறவங்க வெச்சிப்பாங்கன்னு வுட்டேன். ஐயோ, உசுரோட கீற மனுசனுக்குப் பூசை வெச்சிட்டேனே!"

சவுரிமுத்துவுக்கு இரண்டு நிமிஷம் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. பிடிபட்டதும் மனுஷன் பதறிவிட்டார். "அக்கா, மாதா மேல சத்தியமா அது குழி மண்ணு இல்லக்கா. குழியத் தோண்ட மாட்டேனா நான்? எல்லாரும் போடற மாலை, பூ, காஞ்ச எல, அத்த அந்த மூலைல கொட்டி வெப்பேன். முப்பது வருசத்துப் பூவு மக்குன மண்ணுக்கா அது. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஜெயக்கொடி நேரே வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். ஈரப்புடவையோடு போய்ப் பாத்தியில் கை வைத்து ஒரு பீர்க்கங்கொடியைப் பிடித்து இழுத்தாள். அது வேரோடு வந்தது. இரண்டாவது கொடியைப் பிடித்தவள் இழுக்கவில்லை. இதைப் பிடுங்கிவிட்டால் அவர் வந்து எதைப் பார்ப்பார்? வெறும் குழியைப் பார்த்துவிட்டு அடுத்த பஸ் ஏறுவார். சொன்னாலும் ஏறுவார், கடன்காரன் வாசலைக்கூட மிதிப்பார், சுடுகாட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார் அவர். சொல்லாமல் விட்டால், எட்டு வருஷமும் இந்தப் பாத்தியில் விளைந்ததை அவருக்குப் போட்டுக்கொண்டு தான் மட்டும் அறிந்து விழுங்க வேண்டும். யோசித்து யோசித்து, சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்தாள். அப்படி முடிவு செய்த தன் மனசைப் பார்த்தே அவளுக்குத் திகைப்பாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. சென்னியப்பன் ஒரு டிரங்குப் பெட்டியும் இரண்டு பையும் இறக்கினார். நாலு நாள் தங்க வருகிறவனுக்கு எதற்கு டிரங்குப் பெட்டி என்று அவள் நினைத்தாள். ஆறு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். காபி கூடக் குடிக்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்பக்கம் போய்ப் பாத்தியின் ஓரம் குந்தினார். ஒரு பிடி மண் எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார், மோந்தார். மறுபடி கையை ஆழமாக விட்டு எதையோ வெளியே எடுத்தார். கட்டைவிரல் பருமனில் ஒரு மெழுகுவர்த்தித் துண்டு, அதில் சுற்றிக்கொண்டு மாலை கட்டுகிற ஜரிகை.

"இது என்ன புள்ள?"

கரண்ட் போனபோது ஏற்றியது என்று சொல்ல ஜெயக்கொடி வாயைத் திறந்தாள். வந்தது என்னவோ உண்மைதான். ரோஸி, சவுரிமுத்து, இரும்புக் கேட்டு, மூலை, பூ, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "உங்க பேரையும் படிச்சுப்போட்டாங்க" என்பதையும் சொல்லி முடித்துவிட்டு, இனி அவர் எழுந்து பெட்டியைத் தூக்குவார் என்று சுவரில் சாய்ந்து நின்றாள்.

அவர் எழவில்லை. மெழுகைப் பார்த்தபடியே சொன்னார்.

"தோட்டத்த வித்துப்போட்டேன்."

அவளுக்குக் காதில் சரியாக விழவில்லை என்றுதான் முதலில் தோன்றியது.

"அந்தக் காய் வந்துச்சல்ல, அதுக்கு மறுவாரம் பேசி முடிச்சேன். அங்க மண்ணும் இருக்குது, நீயும் இருக்கற, நான் மட்டும் இங்க என்னத்துக்குன்னு இருந்துச்சு. சொன்னா நீ வேண்டாம்பே. அதான் சொல்லல."

"ஒரு வார்த்த கேக்கலீங்களே!" அவர் தன்னிடம் வர வேண்டும் என்று எத்தனை சாமியைக் கும்பிட்டிருப்பாள். வந்தது இப்படியா வர வேண்டும்? ஆத்திரத்தில் கத்த வாயெடுத்தவளுக்குச் சட்டென்று வேறொன்று நினைவு வந்தது. "அப்ப மாமாவும் அத்தையும்?"

சென்னியப்பனின் அப்பாவையும் அம்மாவையும் புதைத்தது அந்தத் தோட்டத்தின் வடக்கு மூலையில்தான். இரண்டு சின்ன மேடை. அமாவாசைக்கு அமாவாசை ஜெயக்கொடி விளக்கு வைப்பாள். மேடைக்கு இரண்டடி தள்ளி அவள் கத்திரிப் பாத்தி. இருபத்தெட்டு வருஷம் அந்தக் கத்திரிக்காயைப் பறித்துச் சமைத்துத் தின்றவள் அவள். ஒருநாளும் அவளுக்கு நெஞ்சுக்குழியில் எதுவும் வந்து நின்றதில்லை. அது இப்போதுதான், இந்த ஊரில், இந்தச் சுவரோரம் நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வாங்கினவன் அந்த மூலைய விட்டுடறேன்னுதான் சொன்னான்" என்றார் அவர். "எழுத்துல வாங்காம போனேன். வெள்ளிக்கிழமை போய்ப் பாத்தா அந்த மூலைலயே ஜேசிபி நிக்குது. குடோன் கட்டறதுக்குக் குழி எடுக்கறாங்களாம். மண்ண டிப்பர்ல ஏத்தி அனுப்பிச்சுட்டாங்க. எங்க கொட்டுனப்பான்னு டிரைவரைக் கேட்டேன். நாலஞ்சு எடத்துல கொட்டினேன், எதுல எதுன்னு தெரியலீங்கன்னான்."

கிணறு வற்றியபோதும், ஒரே நாளில் இரண்டு மாடு செத்தபோதும் கண் கலங்காத ஆள் அவர். இப்போது பாத்தி ஓரத்தில் குந்தியபடியே தோள் குலுங்க அழுதார். ஜெயக்கொடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கிட்டே போக வேண்டும் என்பதுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

"எங்கப்பனையும் ஆத்தாளையும் எவன் ஊட்டுல கொட்டியிருக்கறானோ" என்றார் சென்னியப்பன். "அதுல ஒரு பீர்க்கங்கொடி போட்டாங்கன்னாக்கூடப் போதும் புள்ள."

கையிலிருந்த மெழுகுத் துண்டை எடுத்த இடத்திலேயே வைத்து, மேலே மண்ணைத் தள்ளி மூடினார்.